ரத்தத்தில் ஊறிய சிம்பலோம்

பியானோத் தேர்வில் நான் கோட்டைவிட்ட கதையோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். ஆறுதல் சொல்லி எழுதிய வாசகர்களுக்கு நன்றி. ஆறுதல் சில பத்தாண்டுகள் தாமதமாக வந்திருக்கிறது, பரவாயில்லை.

முடிவு வந்த மறுநாள் பேராசிரியர் வெதர்பி என்னைக் கூப்பிட்டனுப்பினார். எங்கள் இசைக் கல்லூரியில் நவீன இசைக் கச்சேரிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அறையில் பைப் புகையிலை மணமும் நனைந்த கம்பளி மணமும் கலந்திருந்தன. மூட்டை கட்டச் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு கதிரை நுனியில் உட்கார்ந்தேன்.

"பூனா," என்றார். என் பெயர் புவனா. அவர் வாயில் அது பூனாவாகிவிடும். இந்திய வரைபடத்தில் அவருக்குத் தெரிந்த ஊர் அது.

ஒரு புகைப்படத்தை மேசைமேல் தள்ளினார். நான்கு கால் வைத்த பெரிய மரப்பெட்டி. மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பிகள். பக்கத்தில் பஞ்சு சுற்றிய இரண்டு குச்சிகள்.

"இது உங்களுக்கு மிகவும் பழக்கமானதாக இருக்குமே?"

கசாப்புக் கடை மேசையில் யாரோ கம்பி கட்டியதுபோல எனக்குத் தெரிந்தது.

"சிம்பலோம். ஹங்கேரிய வாத்தியம். உங்களுடைய சந்தூரின் தங்கை என்று சொல்லலாம்." கண்ணை மூடிப் புன்னகைத்தார். "இது உங்கள் ரத்தத்திலேயே இருக்கும்."

என் ரத்தத்தில் இருந்தவை

ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தூர் காஷ்மீரத்து வாத்தியம். நான் யாழ்ப்பாணத்துப் பெண். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் லண்டனுக்கும் மொஸ்கோவுக்கும் உள்ள தூரத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் லண்டன்காரர் ஒருவரைப் பார்த்து, ரஷ்ய நடனம் உங்கள் காலிலேயே இருக்குமே என்று யாரும் கேட்பதில்லை.

எங்கள் குடும்பத்தில் எதையாவது தாளம் தவறாமல் அடித்தவர் அப்பா ஒருவர்தான். அவர் தபால் கந்தோரில் இருந்தார். அடித்தது முத்திரை.

நான் படித்தது கொன்வென்ற் பியானோ. மழைக்காலத்தில் கட்டைகள் ஊதிக்கொண்டு எழும்ப மறுக்கும் பழைய பியானோ. சொல்லித் தந்த அயர்லாந்துக் கன்னியாஸ்திரிக்குச் சந்தூரையும் தெரியாது, சிம்பலோமையும் தெரியாது. தப்பாக வாசித்தால் கோடு போடும் அடிமட்டத்தால் விரலில் தட்டத் தெரியும். அந்த விரல்களோடுதான் எண்பதுகளின் நடுவில், ஊரில் சண்டை மூண்டபின், மாணவர் விசாவில் லண்டன் வந்தேன்.

விசாதான் முக்கியம். அதை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்க வேண்டாம். கல்லூரியில் இருக்கும்வரைதான் நான் நாட்டில் இருக்கலாம். கல்லூரி துரத்தினால் குடிவரவுக்காரரும் துரத்துவார்கள். ஊரில் அப்போது மழையைவிட ஷெல் அதிகம் விழுந்துகொண்டிருந்தது.

பேராசிரியர் விஷயத்துக்கு வந்தார். ஹங்கேரியின் பெரிய இசையமைப்பாளர் ஒருவர் உயிரோடு லண்டன் வருகிறார். உயிரோடு என்பதை அவர் இருமுறை சொன்னார். கல்லூரிகள் கௌரவிக்கிற இசையமைப்பாளர்கள் பெரும்பாலும் அந்த வசதியில் இருப்பதில்லை. அவருடைய படைப்புகளை மட்டும் வைத்து மாணவர்கள் ஒரு கச்சேரி செய்யவேண்டும். அதில் சிம்பலோமுக்கென்று சில சிறு இசைத் துண்டுகள். கல்லூரியில் அதைத் தொட்டவர் யாருமில்லை.

"கோடையில் தேர்வுக் குழு உங்கள் விஷயத்தை மறுபடி பார்க்கும். இந்தக் கச்சேரி அவர்கள் நினைவில் இருக்கும்," என்றார். "குழுவில் நானும் இருக்கிறேன்."

"என் ரத்தத்தில் அப்படி ஒன்றும் இல்லை, ஐயா" என்று சொல்ல அதைவிட நல்ல தருணம் கிடையாது. "முயற்சி செய்கிறேன்" என்றேன். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். கீழைத்தேசத்தவரின் தன்னடக்கம் பற்றி அவர் ஏற்கெனவே எங்கோ படித்திருந்தார்.

கோலியர்ஸ் வுட்டுக்கு ஒரு பெட்டி வந்தது

கல்லூரிப் பயிற்சி அறைகளில் இடமில்லை. "வீட்டுக்கே அனுப்புகிறோம், உங்களுக்குத் தரையில் உட்கார்ந்து வாசித்துத்தானே பழக்கம்?" என்றார் பேராசிரியர். சிம்பலோமுக்கு நான்கு கால் உண்டு, மிதிகட்டை உண்டு. தரையில் உட்கார்ந்தால் அதன் வயிற்றைத்தான் பார்க்கலாம்.

நான் அப்போது அக்கா வீட்டில் இருந்தேன். தென் லண்டனில், கோலியர்ஸ் வுட்டில், ரயில் பாதைக்குப் பக்கத்தில், முன்னறை ஒன்றும் மேலே இரண்டு அறைகளும் உள்ள வீடு. அத்தான் பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பகலில்தான் நித்திரை. அந்தப் பகலில்தான் பெட்டி வந்து இறங்கியது.

இடுப்புச் சாரத்தைப் பிடித்துக்கொண்டு அத்தான் கதவைத் திறந்தார். இரண்டு வெள்ளைக்காரர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள்.

"என்ன பிள்ளை, சவப்பெட்டியே?"

"வாத்தியம், அத்தான்."

"உந்தப் பெட்டியை ஆர் வாசிக்கிறது?"

"நான்தான்."

பெட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "உமக்குத் தெரியுமோ?"

"தெரியாது. ஆனா என்ரை ரத்தத்திலை இருக்காம்."

"ஆர் சொன்னது?"

"பேராசிரியர்."

"அப்ப இருக்கும்" என்று சொல்லிவிட்டு அத்தான் மறுபடி படுக்கப் போனார். படித்தவர்களோடு தர்க்கம் செய்வதை அவர் லண்டன் வந்த முதல் குளிர்காலத்திலேயே விட்டுவிட்டார்.

சிம்பலோமை உண்டாக்கியவர் யாரோ, அவருக்கு மனிதர்மேல் ஏதோ கோபம் இருந்திருக்கிறது. பியானோவில் சுரங்கள் வரிசையாக நிற்கும். இதில் ஒரு சுரம் இடப்பக்கம் இருக்கும். அடுத்தது வலப்பக்கம். அதற்கடுத்தது எங்கே என்று தேடுவதற்குள் பாட்டு முடிந்துவிடும். கைகளைப் பார்த்தால் இசைத்தாளைப் பார்க்க முடியாது. தாளைப் பார்த்தால் கம்பி தவறும். நான் இரண்டையும் மனப்பாடம் செய்தேன். பஸ்ஸில் போகும்போது தொடையில் தட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார்கள். அதுவும் ஒருவகையில் வசதியாகத்தான் இருந்தது.

குச்சி நுனியில் சுற்றிய பஞ்சு தேய்ந்தால் ஒலி கீறும். மருந்துக் கடையில் வாங்கிய பஞ்சை அக்கா புதிதாகச் சுற்றி நூலால் கட்டித் தருவாள். கூடவே விமர்சனமும் தருவாள்.

"இப்ப வாசிச்சது பாட்டோ?"

"ஓம்."

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"நான் நீ ஏதோ தேடுறாய் எண்டு நினைச்சன்."

அந்த ஹங்கேரியப் பெரியவரின் இசை அப்படித்தான். ஓர் ஒலி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. நீங்கள் நம்பிக்கை இழக்கும் நேரத்தில் இன்னோர் ஒலி. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பின்னர் ஒருநாள், அத்தானை எழுப்பாமல் இருக்க மிக மெதுவாக அடித்துப் பழகியபோது, கம்பி அடங்கி அடங்கி எங்கே ஓய்கிறது என்று கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். அடுப்பில் அக்கா வைத்த பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை. அந்த இசை எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ரத்தம் என்பார்கள்.

சேலை

கச்சேரி நெருங்கியதும் நிகழ்ச்சித்தாள் அச்சாகி வந்தது. என் பெயருக்குக் கீழே இப்படி இருந்தது: "தலைமுறை தலைமுறையாகச் சந்தூர் இசைத்து வந்த குடும்பத்தின் வாரிசு."

பேராசிரியர் அதோடு நிற்கவில்லை. கச்சேரிக்கு முன்பு ஓர் உரையாடல். ஹங்கேரிய மேதை தன் நாட்டு மேய்ப்பர்களின் பாடல்களைப் பற்றிப் பேசுவார். நான் சேலை கட்டிக்கொண்டு என் முன்னோர்களின் இசையைச் சிறிது வாசித்துக் காட்டவேண்டும்.

"என்ன வாசிப்பது, ஐயா?"

"உங்களுக்குத் தோன்றியது எதுவானாலும். அதுதானே உங்கள் மரபின் அழகு?"

அன்று வீட்டில் பெரிய விவாதம். அக்கா அதற்குள் அரக்குநிறப் பட்டுச் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

"பொய்யெண்டு சொல்லப்போறன், அக்கா."

"விசர்க்கதை கதைக்காதை. அந்தாள் குழுவிலை இருக்கிறார். மூண்டு நாலு நிமிசக் கூத்து. அதுக்குப் பிறகு உன்ரை விசா."

அத்தான் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்: "நீர் சும்மா நாலு அடி அடியும். ஆருக்குத் தெரியப்போகுது? வாறவை எல்லாம் வெள்ளைக்காரர்."

"அந்த ஹங்கேரிக்காரருக்குத் தெரியுமே."

"அவருக்குச் சந்தூர் தெரியுமோ?"

"சிம்பலோம் தெரியும்."

அத்தான் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கஷ்டம்தான்" என்றார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முழு ஆதரவும் அவ்வளவுதான்.

பெரியவர் வந்தார்

ஒத்திகைக்கு அவர் வந்தது ஒரு மதியம். பெருத்த உடம்பு, ஆளைவிடப் பெரிய மேலங்கி, மூக்கில் சளி. உயிரோடுதான் இருந்தார், ஆனால் அதில் அன்று அவருக்குப் பெரிய மகிழ்ச்சி இருந்ததாகத் தெரியவில்லை. முன்வரிசையில் உட்கார்ந்து கைக்குட்டையை எடுத்தார்.

முதல் ஒலியை அடித்தேன்.

"இல்லை," என்றார்.

மறுபடி அடித்தேன்.

"இல்லை. கதவைத் தட்டுகிறீர்கள். யாரும் உள்ளே இல்லை."

எத்தனை தடவை என்று நினைவில்லை. பின்வரிசையில் காத்திருந்த மாணவர்கள் கொட்டாவி விட்டார்கள். என் காது சூடேறிவிட்டது. கடைசியில் கோபத்தில் குச்சி தானாக விழுந்ததுபோல ஓர் அடி. அவர் இல்லை என்று சொல்லவில்லை. ஆம் என்றும் சொல்லவில்லை. "மேலே போகலாம்," என்றார்.

எல்லாம் முடிந்ததும் எழுந்து மேடைக்கு அருகே வந்தார். "யாரிடம் கற்றீர்கள்?"

எனக்காகப் பேராசிரியர் பதில் சொன்னார். "அவருடைய பாட்டனாரிடம். மிகப் பழமையான மரபு."

பெரியவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. "நான் இவரிடம் கேட்டேன்."

அக்கா எடுத்து வைத்த பட்டும், அத்தானின் நாலு அடியும், தேர்வுக் குழுவும் வரிசையாகக் கண்முன் வந்தன. வீரம் என்று நினைக்கவேண்டாம். மூன்று மணிநேரம் "இல்லை" கேட்ட களைப்பு அது. இன்னொரு பொய்யைத் தூக்க உடம்பில் தெம்பில்லை.

"யாரிடமும் இல்லை," என்றேன். "இதற்கு முன் நான் இதைப் பார்த்ததே இல்லை. சந்தூரையும் நேரில் பார்த்ததில்லை. என் தகப்பனார் தபால் கந்தோரில் வேலை செய்கிறார். கோலியர்ஸ் வுட்டில், முன்னறையில், நானாகப் பழகினேன்."

பேராசிரியரின் முகம் சிவந்தது. பெரியவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

"நல்லது," என்றார். "கெட்ட பழக்கம் எதுவும் வந்திருக்காது. இடதுகை மட்டும் மோசம்."

பிறகு பேராசிரியரிடம் திரும்பினார். "மேய்ப்பர்களைப் பற்றி நான் பேசவேண்டும் என்று இந்தத் தாளில் போட்டிருக்கிறீர்கள். நான் புடாபெஸ்ட்டில் டிராம் வண்டிகள் நிறுத்துமிடத்துக்கு எதிரே பிறந்தவன். என் அப்பா பல் மருத்துவர். ஆட்டை நான் தட்டில்தான் பார்த்திருக்கிறேன். எந்த நாட்டுக்குப் போனாலும், ஹங்கேரிக்காரன் என்பதால், எனக்குச் சிவப்பு மிளகாய்த் தூள் போட்ட குழம்பும் ஒரு வயலின்காரனும் காத்திருக்கிறார்கள். எனக்கு வயிற்றுப்புண்."

"பார்வையாளர்கள் எதிர்பார்ப்பார்கள்..." என்று தொடங்கினார் பேராசிரியர்.

"எதிர்பார்க்கட்டும். நானும் இந்தப் பெண்ணும் பேசுகிறோம்."

இரண்டு மரபுகளின் சந்திப்பு

கச்சேரியன்று சேலைதான் கட்டினேன். அக்காவை அந்த அளவுக்கு எதிர்க்க எனக்குத் துணிவில்லை. அவளும் அத்தானும் நடுவரிசையில் இருந்தார்கள். அத்தான் ஷிப்ட் மாற்றிக்கொண்டு, கோட்டுப் போட்டு வந்திருந்தார்.

இரண்டு பழம்பெரும் மரபுகள் இந்த மேடையில் சந்திக்கின்றன என்று பேராசிரியர் அறிமுகம் செய்தார். நடந்ததெல்லாம் நடந்த பிறகும் அப்படித்தான் சொன்னார். அந்த மன உறுதியை நான் இன்றும் வியக்கிறேன்.

பெரியவர் டிராம் வண்டிகளைப் பற்றிப் பேசினார். அதிகாலையில் அவை திரும்பும்போது தண்டவாளம் எழுப்பும் கிறீச்சொலிதான் தன் முதல் இசை என்றார். சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"நீங்கள் வீட்டில் என்ன ஒலி கேட்டு வளர்ந்தீர்கள்?" என்று என்னிடம் கேட்டார்.

இதை நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை. "தேவாலய மணி," என்றேன். "சைக்கிள் பெல். ஊதிப்போன பியானோ." அதோடு நிறுத்தியிருக்கலாம். "வருவதற்கு முன், கடைசியில், ஹெலிகொப்டர். அது தூரத்தில் வரும்போதே எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். எந்தப் பக்கம் போகிறது என்று கேட்பதற்காக."

சிரிப்பதா வேண்டாமா என்று சபைக்குத் தெரியவில்லை. நடுவரிசையில் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்களுக்கு ஐம்பத்தாறில் ரஷ்ய டாங்கிகள்," என்றார் பெரியவர். "டிராம் போன அதே தெருவில். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்."

கேள்வி நேரம். முத்துமாலை போட்ட மூதாட்டி ஒருவர் கையை உயர்த்தினார். "மிகவும் உருக்கமாக இருந்தது. சந்தூர் இப்போதா, இடைவேளைக்குப் பிறகா?"

கச்சேரி தொடங்கியது. நான்கு மாணவர்கள் வயலின் குடும்பத்து வாத்தியங்களைக் கொண்டுவந்து உட்கார்ந்து, ஒரு நரம்பை மெதுவாகத் தேய்த்தார்கள். அமைதியில் அத்தானின் குரல் மேடைவரை கேட்டது.

"தொடங்கிட்டினமோ, இல்லாட்டி இன்னும் சுருதி சேர்க்கினமோ?"

அடுத்து என் முறை. முதல் ஒலி சரியாக விழுந்தது. அது ஓயும்வரை காத்திருந்தேன். இருமல், கதிரைச் சத்தம், வெளியே போன பஸ், ஒவ்வொன்றாக அடங்கின. முன்வரிசையில் பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த ஒலி எங்கே இருக்கிறது என்று என் கை தேடவில்லை. இடதுகை ஓரிடத்தில் மோசமாகத்தான் போனது. இரண்டாவது துண்டு முடிந்ததும், எல்லாம் முடிந்துவிட்டது என்று அத்தான் எழுந்து நின்று கைதட்டினார். அக்கா கோட்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். நான் காத்திருந்தேன். காத்திருப்பதுதானே அந்த இசை? பிறகு மூன்றாவதைத் தொடங்கினேன்.

கச்சேரி முடிந்ததும் பெரியவர் மேடைக்கு வந்து கை கொடுத்தார். கை சுட்டது. காய்ச்சல். "இடதுகை," என்று மட்டும் சொன்னார். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை.

குரோய்டன்

உண்மைக்குப் பரிசு கிடைத்தது என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள். பேராசிரியர் அதன்பிறகு தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் சுவரைப் பார்த்தார். தேர்வுக் குழுவில் அவர் எனக்கு எதிராகத்தான் பேசினாராம். என்னைக் காப்பாற்றியவர் தாள வாத்தியப் பகுதியின் தலைவி. அடுத்த பருவத்திலும் சிம்பலோம் தேவைப்படும் ஒரு படைப்பை அவர் எடுத்திருந்தார். லண்டனில் வேறு ஆளில்லை. "பியானோவில் தோற்றால் தோற்கட்டும், அந்தப் பெண் எனக்கு வேண்டும்" என்றாராம். என் நேர்மையோ திறமையோ யாருக்கும் நினைவில் இல்லை. ஆள் தட்டுப்பாடு நினைவில் இருந்தது. சிம்பலோம் மாணவியாகக் கல்லூரியில் தங்கினேன்.

ஒரு பத்திரிகை என் வாசிப்பைப் பாராட்டியது. அந்தப் பொறுமை என் ரத்தத்திலேயே இருப்பதாக எழுதியிருந்தது.

விசாவை நீட்டிக்கக் குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போனேன். விடியுமுன்பே வரிசை. உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கடவுச்சீட்டைப் புரட்டினார்.

"என்ன படிக்கிறீர்கள்?"

"சிம்பலோம்."

"அது என்ன?"

"ஹங்கேரிய வாத்தியம்."

கடவுச்சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அதை வாசிக்க ஹங்கேரியில் ஆட்கள் இல்லையா?"

"இருக்கிறார்கள். இங்கேதான் இல்லை."

அது அவருக்கு நியாயமாகப் பட்டது போலும். ஒரு வருடம் தந்தார்.

சிரித்துக்கொண்டே வெளியே வந்தேன். காத்திருப்போர் கூடத்து நீள வாங்கில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். குளிருக்கு ஆண்களின் கோட்டு, கீழே நூல் சேலை. மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. என் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுக் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, தமிழே? உள்ளுக்குள்ளை என்ன கேட்டவங்கள்? நான் மகனோடை இருக்கிறதுக்கு வந்தனான். என்ன சொன்னா விடுவாங்கள்?"

உள்ளதை உள்ளபடி சொல்லுங்கோ அன்ரி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. எனக்கு நடந்தது எனக்கு நடந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இவருக்கு என்ன தட்டுப்பாடு காத்திருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

"நான் படிக்க வந்தனான், அன்ரி. என்னட்டைக் கேட்டது வேறை."

"ஆருமில்லை பிள்ளை எனக்கு. மகன் வேலைக்குப் போயிட்டான். இங்கிலீசும் தெரியாது."

கல்லூரிக்கு நேரமாகியிருந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவருடைய வரிசை எண்ணைக் கூப்பிட்டதும் எழுந்தார். பையை நான் வாங்கிக்கொண்டேன்.

"நானும் வாறன்," என்றேன்.